மேஸ்திரி போன பிறகு: சமையலறையையும் பின்கட்டையும் மாற்றும் முன் ஓர் ஒப்பீடு

என் தங்கை கும்பகோணத்தில் பழைய வீட்டின் சமையலறையையும் பின்கட்டையும் மாற்றிக் கட்டப் போகிறாள். ஆடி கழிந்து ஆவணியில் வேலை ஆரம்பம். போன வாரம் பேசியபோது ஒரே மூச்சில் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். "அக்கா, மேடைக்குக் கறுப்பு கிரானைட்டா, வெள்ளை குவார்ட்ஸா? அடியில பிளைவுட்டா, அலுமினியமா? பின்னாடி பேவர் பிளாக் போட்டுடலாமா, மண்ணாவே விட்டுடலாமா? கடையில கேட்டா எல்லாமே நல்லாயிருக்கும்னுதான் சொல்றாங்க."

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. புதிதாக இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது இரண்டு மழைக்காலமும் இரண்டு கோடையும் கடந்த பிறகு. தாம்பரத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டில் 2018-இல் இதே வேலையைச் செய்தோம். அன்றிலிருந்து அதோடு வாழ்ந்து பார்த்ததில் சிலதை நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், சிலதைத் தவறாகச் செய்திருக்கிறோம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். தங்கைக்குச் சொன்னதை, இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

விலையை எல்லோரும் பார்த்துவிடுகிறோம். அதைத் தவிர நான் பார்க்கச் சொல்வது ஐந்து.

முதலில் தினசரி வேலை. ஒன்றைத் துடைத்து வைக்க நாளுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக ஆனால், வருடத்துக்கு முப்பது மணி நேரம். அந்த முப்பது மணி நேரம் வீட்டில் யாருடையது என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தினமும் துடைப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடக் கூடாது.

அடுத்தது நம் சமையல். மஞ்சள், புளி, நல்லெண்ணெய், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல், கிரைண்டரின் எடை, மேடை ஓரத்தில் உடைக்கும் தேங்காய். விளம்பரப் படங்களில் இருக்கும் சமையலறைகளில் இவை எதுவும் நடப்பதில்லை.

மூன்றாவது தண்ணீர். உங்கள் வீட்டுக்கு வருவது ஆற்றுத் தண்ணீரா, உப்பு கலந்த போர்வெல் தண்ணீரா என்பது பாதித் தேர்வுகளைத் தீர்மானித்துவிடும். இதை யாரும் கேட்பதே இல்லை.

நான்காவது, கெட்டுப்போகும் விதம். கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதாவது ஒன்று. நேற்று வரை நன்றாக இருந்து இன்று ஒரேயடியாகப் போவது இன்னொன்று. கெட்ட பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா, தெருமுனையில் இருக்கும் ஆசாரியோ பிளம்பரோ வந்து சரிசெய்ய முடியுமா, கம்பெனி ஆளுக்குக் காத்திருக்க வேண்டுமா?

கடைசியாக, வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிப் போக வழி இருக்கிறதா. பேவரைப் பெயர்க்கலாம். ஆறு அங்குலம் கான்கிரீட் கொட்டிய முற்றத்தில் மறுபடி மாமரம் வைப்பது எளிதல்ல.

## மேடைக்கல்: கறுப்பு கிரானைட், குவார்ட்ஸ், நானோ ஒயிட்

ஒரு நாளில் நம் கை அதிகம் படும் இடம் இது என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

| | கறுப்பு கிரானைட் | குவார்ட்ஸ் | நானோ ஒயிட் |
|---|---|---|---|
| சூடான பாத்திரம் | தாங்கும் | நேராக வைக்கக் கூடாது | திடீர்ச் சூட்டில் விரிசல் விடலாம் |
| மஞ்சள், எண்ணெய்க் கறை | தெரியாது | உடனே துடைக்காவிட்டால் தங்கும் | மேற்பரப்பில் ஊறாது, இணைப்புகளில் தங்கும் |
| உப்புத் தண்ணீர்த் தடம் | அப்பட்டமாகத் தெரியும் | வெளிர் நிறத்தில் தெரியாது | தெரியாது |
| ஓரத்தில் அடிபட்டால் | எளிதில் பெயராது | ஓரளவு தாங்கும் | சில்லுச் சில்லாகப் பெயரும் |
| பழுது பார்க்க | உள்ளூர் கல் வேலைக்காரர் போதும் | பயிற்சி உள்ளவர் வேண்டும் | பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டும் |

கறுப்பு கிரானைட் நம் ஊர்க் கல். கிருஷ்ணகிரி, தர்மபுரி, விழுப்புரம் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வருகிறது. தோசைக்கல்லை இறக்கி நேராக வைக்கலாம், கிரைண்டரை ஓட்டலாம். மஞ்சள் சிந்தினால் பதறி ஓடி வர வேண்டியதில்லை. எலுமிச்சையும் புளியும் அதை ஒன்றும் செய்யாது. இதே காரியத்தைக் கடப்பா கல்லில் செய்தால் வெளுத்த தடம் விழும். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு பட்டால் அரிக்கும். அதனால் கடப்பாவை மேடைக்கு மேலே வேண்டாம் என்பேன். அதற்கு வேறு நல்ல இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கறுப்பு கிரானைட்டில் எனக்குத் தெரியாமல் போன செலவு ஒன்று உண்டு. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. இரவு பாத்திரம் கழுவி முடித்து அப்படியே விட்டால், காலையில் விளக்கைப் போட்டதும் குழாயைச் சுற்றி வெள்ளை வளையங்கள், சொட்டு விழுந்த இடத்திலெல்லாம் ஒவ்வொன்று. விரலால் தடவினால் சொரசொரக்கும். ஈரத்துணி போட்டால் போன மாதிரி இருந்து, காய்ந்ததும் திரும்ப வந்து நிற்கும். ஒரே வழி, படுக்கப் போகும் முன் காய்ந்த துணியால் ஒரு தடவை முழுக்கத் துடைத்து எடுப்பதுதான். நான்கு நிமிடம் ஆகிறது. ஒரு நாள் விட்டால் ஒன்றுமில்லை, பத்து நாள் விட்டால் அந்தப் படிவைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். சிங்க்கைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறப் புள்ளிகள் உள்ள கிரானைட் போட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

வாங்கும்போது இரண்டு சோதனை. கல்லின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த இடம் கறுத்துப்போனால் கல் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று பொருள். எண்ணெயையும் உறிஞ்சும், துளைகளை அடைக்கும் சீலர் பூச வேண்டியிருக்கும். வெளிர் நிறக் கிரானைட்டுகளில் இது அதிகம். இன்னொன்று, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம் ஏற்றிய கல். இரண்டு வருடத்தில் மேடை நடுவில் வெளுத்து நிற்கும்.

குவார்ட்ஸ் பலகை இயற்கையாக வெட்டி எடுத்தது அல்ல. குவார்ட்ஸ் பொடியைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது. பத்தில் ஒன்பது பங்கு கல், மீதி பிசின். துளையில்லாத வழவழப்பு அந்தப் பிசினால் வருகிறது, சூட்டைத் தாங்காத குணமும் அதனால்தான். எதிர்வீட்டில் அழகான வெள்ளைக் குவார்ட்ஸ் போட்டார்கள். விருந்தாளி ஒருவர் உதவி செய்வதாக நினைத்து இரும்புச் சட்டியை அடுப்பிலிருந்து எடுத்து மேடையில் வைத்துவிட்டார். பிறை வடிவில் பழுப்புத் தடம் ஒன்று இன்றும் இருக்கிறது. தேய்த்தால் போகாது, ஏனென்றால் அது கறை அல்ல, பிசினே கருகியது. அந்த வீட்டு அக்கா இப்போது எப்போதும் அதன் மேல் ஒரு மரப்பலகையை வைத்திருக்கிறார். ஜன்னல் வழியாக நேர் வெயில் விழும் மேடையில் குவார்ட்ஸின் வெள்ளை மெல்ல மஞ்சளிப்பதும் உண்டு.

குவார்ட்ஸ் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு, அறுப்பவரின் நுரையீரலைக் கெடுக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைப் பலகைகளைத் தடை செய்தது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, அளவு குறைவு. எந்தக் கல் வாங்கினாலும் வீட்டுக்குள் உலர் அறுப்பு வேண்டாம், வெளியே தண்ணீர் விட்டு அறுக்கட்டும் என்று பேசும்போதே சொல்லிவிடுங்கள். வரும் பையன்கள் பெரும்பாலும் முகத்தில் ஒரு கைக்குட்டை மட்டும் கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நானோ ஒயிட் கண்ணாடிப் பொடியை உருக்கிச் செய்வது. அதன் வெள்ளைக்கு ஈடு இல்லை, கறையும் ஊறாது. ஆனால் கண்ணாடியின் குணம் போகவில்லை. குக்கர் மூடி கை நழுவி ஓரத்தில் விழுந்தால் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் தேங்காய் உடைக்கும் வீட்டுக்கும் பொருந்தாது.

யாருக்கு எது? தினம் மூன்று வேளை சமையல், பலர் கை புழங்கும் மேடை என்றால் கிரானைட்தான். வெளிச்சம் குறைந்த சிறிய அடுக்ககச் சமையலறை, சமைப்பவர் ஒருவர், சூடான பாத்திரத்துக்குத் தட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர் என்றால் குவார்ட்ஸ் நன்றாக உழைக்கும். அந்த வெளிச்சம் உண்மையிலேயே மனதுக்கு இதம். நானோ ஒயிட்டைப் பூஜை அறைக்கோ கை கழுவும் மேடைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

எந்தக் கல்லாக இருந்தாலும், முன் ஓரத்தின் அடிப்பக்கம் நெடுக ஒரு சிறு காடி அறுக்கச் சொல்லுங்கள். மேடையில் வழியும் தண்ணீர் அந்தக் காடியோடு நின்று கீழே சொட்டிவிடும். அது இல்லாவிட்டால் கல்லின் அடியில் ஊர்ந்துபோய் அலமாரிக் கதவில் இறங்கும். அடுத்த தலைப்பில் வரும் பாதிப் பிரச்சினை இந்த ஒரு காடியில் தீரும்.

## மேடைக்கு அடியில்: பிளைவுட், அலுமினியம், பிவிசி, கல் அறை

எங்கள் பெரிய தவறு இங்கேதான். மாடுலர் கிச்சன் என்ற ஆசையில் முழுவதும் பிளைவுட் அறைகள் போட்டோம். தண்ணீர் தாங்கும் பிளைவுட் என்று சொன்னார்கள். ஐஎஸ்ஐ தரத்தில் 710 என்ற எண் கொண்டது கொதிநீரிலும் பிரியாத ரகம், 303 என்பது அதற்கு ஒரு படி கீழே. எங்களுக்கு வந்தது எது என்று பலகையைத் திருப்பி முத்திரையைப் பார்க்கும் அறிவு அப்போது இல்லை. மேலே லேமினேட் ஒட்டிய பிறகு பார்க்கவும் முடியாது.

மூன்றாவது வருடம் சிங்க்குக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையை நகர்த்தியபோது அடிப்பலகை காலுக்குக் கீழே அமுங்குவது போல மெத்தென்று இருந்தது. கையால் அழுத்தினேன். டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. கழிவுக் குழாய் இணைப்பிலிருந்து சொட்டு, நாளுக்கு ஒரு தம்ளர் கூட இருக்காது, மாதக்கணக்கில் இறங்கியிருக்கிறது. பின்பக்கம் கரையான் மண்கோடு சுவரோடு ஏறியிருந்தது. பலகையின் முகத்தில் லேமினேட் இருந்தது, அறுத்த ஓரங்களில் ஒன்றும் பூசாமல் விட்டிருந்தார்கள். தண்ணீர் நுழைந்த வாசல் அது.

பிளைவுட்டின் பலம் இல்லாமல் இல்லை. திருகாணி நன்றாகப் பிடிக்கும், கனமான இழுப்பறைகள் சத்தமில்லாமல் ஓடும், ஆசாரி யார் வேண்டுமானாலும் பழுது பார்க்கலாம். மேல் அலமாரிகளுக்கு இன்றும் அதையே சொல்வேன். மேடைக்குக் கீழே என்றால் 710 முத்திரை, எல்லா ஓரங்களும் அடைப்பு, தரையிலிருந்து நான்கு அங்குலமாவது உயரம், இந்த மூன்றும் வேண்டும். மரநாரையும் மரத்துகளையும் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் நம் ஊர்ச் சமையலறையில் கீழே வைக்கவே கூடாது.

பிவிசி, டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) பலகைகளுக்குத் தண்ணீர் பயம் இல்லை, கரையான் தொடாது. ஆனால் திருகாணிப் பிடி நாளடைவில் தளரும், கீல் தொங்கும். நீளமான தட்டில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வைத்தால் நடுவில் வளையும். அடுப்புக்குப் பக்கத்துக் கதவு சூட்டில் கோணிக்கொள்ளும். சிங்க்குக்கு அடியில் மட்டும் இதைப் போடுவது புத்திசாலித்தனம்.

அலுமினியம் பார்க்க ஆபீஸ் அறை போல இருக்கும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். தண்ணீர், கரையான், வெயில் எதற்கும் அஞ்சாது, எடை குறைவு. பழுது என்றால் ஜன்னல் வேலை செய்யும் அலுமினியக் கடைக்காரரே வந்துவிடுவார். கதவு சாத்தும்போது கொஞ்சம் சத்தம் வரும். திருகாணிகளை மட்டும் துருப்பிடிக்காத ரகமாகக் கேட்டு வாங்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஸ்டீல் கூடைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 304 ரகம் என்று கேளுங்கள். 202 ரகம் அதே மாதிரிதான் பளபளக்கும், உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும்.

இப்போது கடப்பா கல்லுக்கு வருகிறேன். மேடைக்கு அடியில் செங்கல் தடுப்பு எழுப்பி, இடையில் கடப்பா பலகை செருகிச் செய்யும் அறைகள் நம் அம்மா காலத்து வழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் இருந்த எங்கள் உறவினர் வீட்டில் தண்ணீர் இடுப்பு வரை ஏறியது. வடிந்த பிறகு அவர்கள் சேறைக் கழுவிவிட்டு அதே கல் அறைகளில் பாத்திரத்தை அடுக்கினார்கள். பக்கத்து வீட்டின் மரப்பலகை அலமாரிகள் உப்பி வெடித்துத் தெருவில் கிடந்தன. கல் அறையின் குறைகள் வேறு: உள்ளே ஆழமாக இருக்கும், பின்னால் இருப்பதை எடுக்கக் குனிந்து தலையை உள்ளே விட வேண்டும், மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தொல்லை. ஒருமுறை கட்டினால் இட மாற்றம் கிடையாது.

எங்கள் வீட்டில் பிறகு செய்தது ஒரு கலவை. கெட்ட பகுதியை எடுத்துவிட்டுச் செங்கல்லும் கடப்பாவும் வைத்து அறை கட்டி, முன்னால் அலுமினியச் சட்டக் கதவு போட்டோம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இழுப்பறை வரிசை மட்டும் பிளைவுட்டில். என் மாமியாருக்கு அந்த வரிசை போதும், அவர் குனிய வேண்டியதில்லை. சிங்க் அடியில் கதவே வைக்கவில்லை. சொட்டினால் அன்றைக்கே கண்ணில் படும்.

## புகை: சிம்னியா, எக்ஸாஸ்ட் ஃபேனா

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. சமையலறைக்கு வெளிச்சுவர் இருந்தால், எதிர்ப்பக்கம் ஜன்னலும் இருந்தால், பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். மாதம் ஒருமுறை இறக்கை துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை என்றால் சிம்னி வேண்டும். தாளிப்பு வாசனை சோபாத் துணியில் ஏறினால் போகாது. கருவாடு வறுக்கும் வீட்டுக்கு விளக்கமே தேவையில்லை.

சிம்னி எடுத்தால் மாடலைவிடக் குழாய் முக்கியம். குழாய் குறுகலாகவும் வளைந்து வளைந்தும் போனால் எவ்வளவு சக்தியுள்ள மோட்டாரும் திணறும். ஆறு அங்குலக் குழாய், ஒரே வளைவு, நேராக வெளியே என்பது சரியான அமைப்பு. வெளியேற்றும் குழாய் இல்லாமல் கரி வடிகட்டியோடு வருபவை எண்ணெய் ஆவியைக் கொஞ்சம் பிடிக்கும், சூட்டை அறைக்குள்ளேயே விடும். வடிகட்டியைச் சில மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தானாகச் சுத்தமாகும் சிம்னியிலும் எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்றி ஊற்றுவது நம் கைதான்.

## பின்கட்டுத் தரை: பேவர், சிமெண்ட், புல்தரை, மண்

வீட்டுக்குள் செய்யும் தவறு நம்மோடு போகும். முற்றத்தில் செய்யும் தவறு நிலத்தடி நீர் வரை போகும். அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

பேவர் பிளாக்கை எல்லோரும் போடுகிறார்கள். நடக்க மட்டும் என்றால் 60 மில்லிமீட்டர், கார் ஏறும் என்றால் 80. செருப்பில் சேறு ஒட்டாது, கீழே குழாய் வெடித்தால் நாலு கல்லைப் பெயர்த்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம். சிமெண்ட் தரையைவிட இது பெரிய வசதி. ஆனால் மாதங்கள் போகப் போகக் கல்லுக்கு நடுவே கோரை முளைக்கும். எறும்பு அடியிலிருந்து மணலை மேலே தள்ளும், ஒரு பக்கம் தாழும், அங்கே தண்ணீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிழல் பகுதியில் பாசி பிடித்து வழுக்கும். வயதானவர்கள் கொல்லைப் பக்கம் போகும் வழியில் இது ஆபத்து, வாரம் ஒருமுறை தென்னந்துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். சித்திரை மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது, அந்தச் சூடு இரவு ஒன்பது மணிக்கும் சுவரில் தெரியும்.

வாசல் பக்கம் பேவர் போட நினைப்பவர்கள் கோலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோடு இழுக்கும்போது ஒவ்வொரு இடுக்கிலும் மாவு உள்ளே விழும், கம்பி அறுந்து அறுந்து போகும். மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் இது நடந்தது. பிறகு வாசற்படிக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி மட்டும் பெயர்த்துவிட்டுச் சாதாரண சிமெண்ட் தளம் போட்டோம்.

சிமெண்ட் தரை மலிவு, துவைக்கவும் வற்றல் காயப்போடவும் ஏற்றது. அதை முற்றம் முழுக்கப் போடுவதுதான் தவறு. மழைத் தண்ணீருக்குப் போக இடமில்லை, தரைமட்டம் ஏறிவிட்டால் வீட்டுக்குள்ளேயே வரும். பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போடுவது இன்னும் மோசம். தெருவும் ஒவ்வொரு முறை சாலை போடும்போது உயர்கிறது, முற்றமும் உயர்ந்தால் நடுவில் வீடு பள்ளமாகிவிடும்.

புல்தரைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். கோடையில் நம் ஊரில் ஒரு சதுர மீட்டர் புல்லுக்கு நாளுக்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் வேண்டும். 600 சதுர அடி என்பது சுமார் 56 சதுர மீட்டர். நாளுக்கு 280 லிட்டர், மாதத்துக்கு 8,400 லிட்டர். 9,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று ஏறக்குறைய முழுதாகப் புல்லுக்கே போகும். 2019 கோடையில் சென்னையில் குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றோம், அந்த வருடம் எங்கள் தெருவில் இருந்த இரண்டு புல்தரைகளும் காய்ந்து மண்ணாயின. குழந்தைகள் விளையாட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. பத்துக்குப் பத்தடி புல் அதற்குப் போதும். செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் வேண்டாம், ஆனால் வெயிலில் பேவரைவிட மோசமாகக் கொதிக்கும், சில வருடங்களில் நார் நாராக உதிர்ந்து மண்ணில் கலக்கும். அதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மண் தரையைப் பராமரிப்பு இல்லாதது என்று நினைக்க வேண்டாம். தினம் பெருக்க வேண்டும், மழையில் சேறு, வருடத்துக்கு இரண்டு முறை களை எடுப்பு. ஆனால் மழை இறங்கும், மரம் மூச்சுவிடும், மனம் மாறினால் எதை வேண்டுமானாலும் செய்யலாம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குழாயை இறக்கிக் குழியில் விட்டதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோம். திறந்த மண்ணும் மழைநீர் சேகரிப்புதான்.

எங்களுக்குச் சரிப்பட்ட பங்கீடு இது: கிணற்றடியும் துவைக்கும் இடமும் சிமெண்ட், நடைவழி மட்டும் மூன்றடி அகலப் பேவர், மற்றது மண். மரங்களைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் மூன்றடியாவது மூடாமல் விட்டோம். முருங்கையைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம். மழைக்காலத்தில் கம்பளிப்புழு அடைந்தால் அது முதலில் ஏறுவது பக்கத்துச் சுவரில்தான்.

## செடிகள்: மாடியிலா, மண்ணிலா

இடம் இல்லாதவர்களுக்கு மாடித்தோட்டம் வரம். கத்திரி, வெண்டை, கீரை எல்லாம் நன்றாக வரும். ஆனால் எடையைக் கணக்கிடாமல் ஏற்றுகிறார்கள். ஏறிப் புழங்கும் மொட்டை மாடியை வடிவமைக்க இந்தியத் தர விதி வைத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஈரமான மண்கலவை நிரம்பிய பை ஒன்று இருபது, இருபத்தைந்து கிலோ வரும். சதுர மீட்டருக்கு நான்கு பை வைத்தாலே நூறு கிலோ, மேலே நாமும் நிற்க வேண்டும். பைகளைச் சுவரோரமும் உத்தரம் போகும் கோட்டிலும் வைத்து, நடுவை விட்டுவிடுவது நல்லது. ஸ்டாண்டின் மேல் வைத்தால் தளத்தில் ஈரம் தேங்காது. தென்னைநார்க் கழிவு கலந்தால் எடை குறையும், வருடா வருடம் அமுங்கிப்போவதால் திரும்ப நிரப்ப வேண்டும். வெயிலில் பைகள் இற்றுக் கிழியும், பங்குனியில் நிழல்வலை கட்ட வேண்டும். மாடியேற முழங்கால் ஒத்துழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் வைத்தால் இந்தச் செலவுகள் இல்லை. எலியும் பெருச்சாளியும் உண்டு, அறுவடை கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் கறிவேப்பிலை உயிரோடு இருக்கும். மாடிப்பையில் மே மாதம் இரண்டு நாள் தாங்காது.

சொட்டுநீர் அமைப்பு இதற்கு விடை என்று பலர் போடுகிறார்கள். நாங்களும் மாடியில் போட்டோம். முதல் சிக்கல், மேல்நிலைத் தொட்டியும் பைகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால் அழுத்தம் போதவில்லை, கடைசி வரிசைக்குத் தண்ணீர் போகவே இல்லை. தொட்டியை மூன்று அடி மேடையில் ஏற்றினால் கொஞ்சம் சரியாகும், இல்லாவிட்டால் சிறு பம்பு வேண்டும். இரண்டாவது சிக்கல் மறுபடி உப்பு. ஒவ்வொரு சொட்டுவானின் வாயிலும் வெள்ளைச் சுண்ணம் கட்டியிருக்கும், ஊக்கால் குத்திக் குத்தி எடுப்பேன். நாற்பது பைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடும். நல்ல தண்ணீர் உள்ளவர்களுக்கு, அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்குச் சொட்டுநீர் சரி. வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவினால் போதும். உப்புத் தண்ணீர் வீட்டில் பூவாளியே மேல். கையால் ஊற்றும்போது செம்பருத்தித் தண்டில் மாவுப்பூச்சி ஏறுவது முதல் நாளே தெரிந்துவிடும், தானாக ஓடும் குழாய்க்கு அது தெரியாது. ஆர்ஓ கழிவு நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம், உப்பு அடர்ந்த தண்ணீர் அது. தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

## தங்கை வீட்டுக்கு

கும்பகோணத்தில் அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். அதனால் கறுப்பு கிரானைட்டில் எனக்கு இருக்கும் தொல்லை அவளுக்கு வராது, தயங்காமல் போடலாம். பழைய கல் அறைகளை இடிக்க வேண்டாம், கதவை மட்டும் மாற்றிக்கொள் என்றேன். முழு மாடுலர் என்று பிடிவாதமாக இருந்தாள், இடிக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு யோசிக்கிறேன் என்றிருக்கிறாள். கொல்லையில் பேவர் வேண்டாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள், மாமனார் வைத்த நார்த்தை மரம் நடுவில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் மேஸ்திரி வந்த முதல் நாளே சொல்லிவிடச் சொன்னேன். சிங்க் கழிவுக் குழாயைச் சாக்கடைக்கு விடும் முன், கொல்லைப் பக்கம் ஒரு கிளை எடுத்து, ஜல்லி நிரப்பிய இரண்டடிக் குழி வழியாக வாழைக்கும் கல்வாழைக்கும் போகும்படி சரிவு வைக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும் அப்படியே போகும். குழியில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜல்லியை எடுத்துக் கழுவிப் போட வேண்டும். தளம் போட்ட பிறகு இந்தக் குழாயை நினைத்தால், தளத்தை உடைத்துத்தான் வைக்க வேண்டும்.